கை இறங்காத ஊர்

கூட்டம் முடிந்து மிக்சர் பொட்டலம் கொடுக்கும் நேரம் வந்தபோதுதான், அதை வாங்க நீட்ட வேண்டிய வலது கை கீழே வர மாட்டேனென்கிறது என்பது கோணக்கரட்டுப் பால் சொசைட்டி உறுப்பினர்களுக்குத் தெரியவந்தது. தெரிந்ததும் யாரும் பதறவில்லை, கத்தவில்லை, ஆளாளுக்குப் பக்கத்து ஆளை ஒரு பார்வை பார்த்தார்கள், பக்கத்து ஆளின் கையும் மேலேயே நின்றது, சரி, அப்படியானால் இது நமக்கு மட்டும் வந்த வினையில்லை, எல்லாருக்கும் உள்ளதுதான் என்று நிம்மதியாகி, இடது கையால் பொட்டலத்தை வாங்கி இடுக்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தச் சொசைட்டியில் கை தூக்குவதற்கென்று ஒரு முறை இருந்தது. செயலாளர் திருமூர்த்தி தீர்மானத்தைப் படிப்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவார். செருமியதுமே கைகள் மேலே போய்விடும். தீர்மானம் இன்னதென்று கேட்டுவிட்டுத் தூக்குவதெல்லாம் கூட்டத்தை இழுத்தடிக்கிற வேலை, மைக்செட்டுக்காரனுக்கும் நேரமாகும், மாட்டுக்குத் தண்ணி காட்டவும் நேரமாகும் என்று, தலைவர் நாட்ராயன் பதவிக்கு வந்த காலந்தொட்டு அப்படித்தான் நடந்து வந்தது. அப்படியே வரவுசெலவை ஏற்றார்கள், அப்படியே புதுக் கூரையை ஏற்றார்கள், அப்படியே தலைவரை மறுபடியும் மறுபடியும் ஏற்றார்கள், ஒருதடவை திருமூர்த்திக்கு நிஜமாகவே சளி பிடித்திருந்தபோது ஒன்றுமே இல்லாததையும் நாலைந்து முறை ஏற்றார்கள்.

அன்றைக்கு அவர்கள் ஏற்றது பூவாத்தாளைப் பற்றியது. ஐப்பசி அடைமழையில் ஒரு சாயங்காலம் சொசைட்டியிலிருந்து போன பாலில் தண்ணி இருக்கிறதென்று டவுனிலிருந்து கேனோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். தண்ணி எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய மர்மமெல்லாம் கிடையாது. தலைவர் தன் மச்சினனை வைத்துப் போட்ட சொசைட்டிக் கூரை ஒழுகியது, ஒழுகிய இடத்துக்கு நேர் கீழே கேன் வாயைத் திறந்துகொண்டு இருந்தது, வரிசையில் நின்ற அத்தனை பேரும் அது விழுவதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றார்கள். ஆனால் தலைவர் போட்ட கூரை ஒழுகுகிறதென்று தலைவர் முகத்துக்கு நேரே யார் சொல்வது? மழையின் மேல் நடவடிக்கை எடுக்கலாமென்றால் மழை சொசைட்டியில் உறுப்பினரும் இல்லை. வரிசையில் கடைசியாக நின்று பால் ஊற்றியவள் பூவாத்தாள். கடைசியில் ஊற்றியவள்தான் கலந்திருப்பாள் என்று யாரோ சொன்னார்கள், அதை யாரோ ஆமாமென்றார்கள், ரெண்டு நாளில் அந்த யாரோ என்பது ஊர் முழுக்க என்று ஆகிவிட்டது. பூவாத்தாளிடம் இனிப் பால் வாங்குவதில்லை என்பதுதான் தீர்மானம்.

சும்மா சொல்லக்கூடாது, பூவாத்தாளும் அன்றைக்கு வழக்கம்போலக் கையைப் பாதி தூக்கிவிட்டாள். தன் பேர் காதில் விழுந்ததால் மட்டும்தான் படக்கென்று இறக்கினாள். அடுத்தவள் பேராக இருந்திருந்தால் அவள் கையும் மற்றதுகளோடு மேலேயேதான் நின்றிருக்கும். இறக்கிய கையோடு அவள் ஆம்பளைகள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே அவள் புருஷன் சென்னியப்பனின் கை, கல்யாணத்துக்கு அவள் அண்ணன் போட்ட வாட்ச்சோடு, மற்ற எல்லாக் கையையும் விட ஒரு சாண் உயரமாகவே நின்றது. ஊர் தூக்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்த வாட்ச்சைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நிலைக்கதவில் கையை இடித்துக்கொண்டு அவன் உள்ளே நுழைந்தான்.

"ஏனுங்க, எம்பேரத்தானே படிச்சாங்க, உங்க காதுல உழுகலீங்களா?"

"உழுந்துச்சு புள்ள."

"அப்பறம் என்னத்துக்குத் தூக்குனீங்க? அன்னைக்கு மழைக்குக் குடைய புடிச்சுட்டு எங்கூடத்தானே நின்னீங்க?"

"எல்லாரும் தூக்குனாங்க. நானொருத்தன் மட்டும் கையக் கீழ வெச்சுட்டு உக்காந்திருந்தா என்னன்னு நெனப்பாங்க?"

"என்ற புருசன்னு நெனச்சிருப்பாங்க," என்றாள் பூவாத்தாள். சென்னியப்பன் சட்டையைக் கழற்ற முடியாமல் அப்படியே நின்றான், அவள்தான் கத்தரிக்கோலை எடுத்து வந்து தோள்பட்டையில் வெட்டிக் கழற்றினாள்.

மறுநாள் காலையில் கோணக்கரடு எழுந்து, வலது கையை மேலே வைத்துக்கொண்டு, தன் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. ரெண்டு பேர் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டார், இல்லீங்க, எங்க ஊர்ல எல்லாருக்கும் இப்படித்தானுங்க என்றார்கள், அப்படியானால் சரி என்று அவரும் ஒரு தைலம் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மாடு இல்லாததால் கூட்டத்துக்கே போகாத டைலர் மயில்சாமி, வலது சட்டைக்கையைத் தோளுக்கு மேலே நட்டமாக வைத்துத் தைக்கக் கற்றுக்கொண்டார், அதற்குச் 'சொசைட்டி கட்' என்று பேரும் வைத்தார், கூலியும் கூட்டினார். கொத்தனார்கள் வீடு வீடாக வந்து நிலைக்கதவை உயர்த்தினார்கள். மினி பஸ்காரன் வழியில் கை காட்டுகிற ஆளுக்கெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பொழுதுக்கும் ஊரைத் தாண்ட முடியாமல், கடைசியில் யாருக்குமே நிறுத்தாமல் போக ஆரம்பித்தான், அதையும் ஊர் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டுக் கேட்க வந்த ஒரு வேட்பாளர், தான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே இத்தனை கை தனக்காக உயர்ந்து நிற்பதைக் கண்டு மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்படியே மார்கழியும் போய்த் தையும் பிறந்தபோது, கை மேலே இருப்பது எதனாலென்று கேட்பவர்கள் போய், மேலே இல்லாதது எதனாலென்று கேட்பவர்கள் வந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் நகையைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால், கை தூக்கின குடும்பந்தானே என்று விசாரித்தார்கள். அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்து கூட்டத்துக்கு வராதவர்கள், வெளியூர் போயிருந்தவர்கள், அத்தனை பேரும் வெட்கப்பட்டுக்கொண்டு தாங்களாகவே தூக்கி வைத்துக்கொண்டார்கள். மயில்சாமிகூடக் கடைக்குள் இருக்கும்வரை ரெண்டு கையாலும் மிஷினை ஓட்டிவிட்டு, தெருவில் கால் வைக்கும்போது மட்டும் வலதை உயர்த்திக்கொள்வார். கீழே தொங்கும் கை ஒரு மாதிரி அசிங்கமாக இருக்கிறது, பார்க்கவே கண் கூசுகிறது என்று பொம்பளைகள் பேசிக்கொண்டார்கள். பாலில் தண்ணி கலந்தவள் என்ற பேர் பூவாத்தாளுக்கு மறைந்தே போனது. கையைத் தொங்கப் போட்டவள் என்ற பேர் வந்தது.

பேர் மாறினாலும் பாலை மட்டும் யாரும் வாங்கவில்லை. அவளிடம் ரெண்டு கறவை மாடு இருந்தது, அதுதான் வீட்டுக்குச் சோறு. சொசைட்டி வேண்டாமென்றதும் டீக்கடைக்காரனும் வேண்டாமென்றான். தண்ணி கலந்த பாலென்று அவன் சொல்லவில்லை, கடையில் நாலு பேர் உட்காருகிற இடமக்கா, உங்களுக்குத் தெரியாததா என்று மட்டும் சொன்னான். கன்றுகள் குடித்தது போக மிச்சத்தை அவள் தயிராக்கினாள், நெய்யாக்கினாள், வாங்க ஆளில்லாமல் பக்கத்து ஊர்ச் சந்தைக்குத் தலையில் சுமந்து போனாள். இதற்கு நடுவில், கையை உயர்த்திக்கொண்டு திரியும் புருஷனுக்குத் தினமும் முதுகு தேய்த்துவிட வேண்டும், சட்டை மாட்டிவிட வேண்டும், இடது கையால் அவன் சிந்தியதைக் கூட்டி அள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் முதுகு தேய்க்கும்போது அவள் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நீ கலக்கல புள்ள, எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அவனோ, சோப்புக் கண்ணுல பட்டிருச்சு என்பான்.

ஆனால் மாடு பொதுக்குழுவில் உறுப்பினர் இல்லை பாருங்கள், அதுக்குத் தீர்மானமும் தெரியாது, ஏகமனதும் தெரியாது. ஒற்றைக் கையால் பீச்சினால் அது எத்தனை நாளைக்குத்தான் நின்று கொடுக்கும்? உதைத்தது, பால் பீச்சுகிற போசியைத் தட்டிவிட்டது, மடியில் பாலைக் கட்டிக்கொண்டு கத்தியது. சொசைட்டியில் கேன் பாதிகூட நிரம்பவில்லை. வரிசையில் நின்றவர்கள் கொண்டுவந்த கொஞ்சத்தை ஊற்றிவிட்டு, ரெண்டு கையால் பீச்சிய பால் வெறும் நீத்தண்ணி, ஒற்றைக் கைப் பால்தான் கெட்டி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், கெட்டியோ கெட்டி என்று தலைவரும் ஒத்துக்கொண்டார்.

ஒருநாள் உச்சி வெயிலில், தெருவில் ஈ காக்கை இல்லாத நேரமாகப் பார்த்துப் பக்கத்து வீட்டு ருக்குமணி பின்கட்டு வழியாக வந்து நின்றாள். அன்றைக்குக் கடைசியில் ஊற்றியவள் பூவாத்தாள்தானே என்று ஊருக்கு முன்னால் நீட்டி முழக்கியவர்களில் அவளும் ஒருத்தி.

"அம்மிணி, மாட்டுக்கு மடி கல்லாட்டமாக் கட்டிக்கிச்சு. ஒருக்கா வந்து பீச்சிக் குடுத்துப்போட்டுப் போ. பின்னால பொடக்காளி வழியா வா, ஆரும் பாக்காம வா."

மாட்டின் மேல் என்ன கோபம் என்று பூவாத்தாள் போனாள். மாட்டுக் கொட்டத்துக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும், ருக்குமணி வலது கையை இறக்கி, அப்பாடா என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அப்புறம் அதே கையால் மாட்டுக்கு வைக்கோலை அள்ளிப் போட்டாள். பூவாத்தாள் அந்தக் கையையே பார்த்தாள்.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாத," என்றாள் ருக்குமணி. "எனக்கு மட்டும் எறங்கிப்போச்சு. போன மாசம் இந்த மாட்டுகிட்ட அழுதுட்டிருந்தேன். பூவாத்தா பாவம், கூர ஒழுகித்தான் உழுந்துச்சு, நானே பாத்தேன்னு சொன்னேன். சொன்னதும் தொப்புன்னு உழுந்துருச்சு. வெளிய போறப்ப நானே தூக்கிக்கறேன். தோளு அத்துப் போகுது அம்மிணி, பீச்சறதுக்கு வெரலுல வலுவே இல்ல."

"அதச் சொசைட்டியில வந்து சொன்னாத்தான் என்னக்கா?"

"ஊரே தூக்கீட்டு நிக்கறப்ப நான் மட்டும் எப்புடி அம்மிணி?" என்றாள் ருக்குமணி, இவளுக்கு இதுகூடவா புரியாது என்கிற மாதிரி.

அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாகக் காதும் காதும் வைத்த மாதிரி ஆள் வந்தது. எல்லாரும் உச்சி வெயிலில்தான் கூப்பிட்டார்கள், எல்லாரும் பின்வாசல் வழியாகத்தான் வரச் சொன்னார்கள், எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தியதும் கை கீழே வந்தது, தூக்கித் தூக்கி மரத்துப்போன அந்தக் கையில் பீச்சுகிற வலு மட்டும் இல்லை. ஒருவர் பம்புசெட்டுக்குள் நின்று சொல்லியிருந்தார், ஒருத்தி போர்வைக்குள் சொல்லியிருந்தாள், ஒருவர் கோயிலில் சாமிக்கு மட்டும் கேட்கும்படி சொல்லியிருந்தார், பூவாத்தா கலக்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன அந்த இடத்திலேயே அவரவர் கை இறங்கியிருந்தது. எல்லாரும் அவளிடம் ஒன்றையே சொன்னார்கள், எனக்கு மட்டும்தான் இப்படி, வெளியே சொல்லிவிடாதே. தலைவர் நாட்ராயனின் கொட்டத்துக்குப் போனபோது அவர் கயிற்றுக் கட்டிலில் ரெண்டு கையையும் தலைக்கு அடியில் வைத்து மல்லாந்து கிடந்தார், அவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து, தலைவனுக்கே எறங்கிருச்சுன்னு தெரிஞ்சா ஊரு என்னாகும் அம்மிணி, நான் ஊருக்காகத்தான் தூக்கீட்டு நிக்கறேன் என்றார்.

ஆக, பூவாத்தாளின் கை பட்ட பால்தான் இப்போது கோணக்கரட்டுச் சொசைட்டியில் கேன் கேனாக நிரம்பியது, பூவாத்தாளின் மாட்டுப் பால் மட்டும் உள்ளே போகவில்லை. ஒற்றைக் கைப் பால் என்றால் சும்மாவா என்று வரிசையில் பேச்சு வேறு. ஊரில் ஒருவருக்குக்கூடக் கை நிஜமாக மேலே இல்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், கையைத் தொங்கப் போட்டவள் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அவளை அறுத்ததெல்லாம் வேறொன்று. ஊரில் ஒருவருக்குக்கூட என்றேனே, அது தப்பு. ஒரு கை மட்டும் நிஜமாகவே இறங்காமல் நின்றது, அது அவள் வீட்டில் இருந்தது. அவளை வேண்டாமென்று சொன்ன ஊர் மாட்டிடமாவது, சாமியிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தது. அவள் கழுத்தில் தாலி கட்டியவன் தனியாகக்கூட, தனக்குத்தானேகூட, அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

சித்திரையில் மறுபடியும் பேரவைக் கூட்டம் வந்தது. அதற்கு முந்தின வாரம் செயலாளர் திருமூர்த்தியின் மாட்டைப் பீச்சிக்கொண்டே பூவாத்தாள் கேட்டாள்.

"ஏனுங்க செயலாளரே, இப்பெல்லாம் தீர்மானம் படிக்கறதுக்கு முன்னால தொண்டையச் செருமறீங்களா?"

"என்னத்துக்கு அம்மிணி? கையெல்லாந்தான் மேலயே இருக்குதே."

"அப்ப நீங்க எதப் படிச்சாலும் பாஸுதானுங்களா?"

அப்படியானால் எனக்காகவும் ஒன்றைப் படியுங்கள் என்றாள், திருமூர்த்திக்கு வேர்த்தது. முடியாதம்மா, தலைவர் என்னைக் கொன்றுபோடுவார் என்றார். அப்படியானால் நாளைக்கிருந்து நீங்களே ஒற்றைக் கையில் பீச்சிக்கொள்ளுங்கள் என்று பூவாத்தாள் போசியை வைத்துவிட்டு எழுந்தாள், மாடு ஒரு உதை விட்டது, திருமூர்த்தி படிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

கூட்டத்தன்று காலையில் புருஷனுக்குச் சொசைட்டி கட் சட்டையை மாட்டிவிட்டபடி அவள் சொன்னாள், "இன்னைக்கு எனக்காகத் தீர்மானம் படிக்கறாங்க. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். எப்பவும் போலத் தூக்குன கையோட உக்காந்திருங்க, அது போதும். இத்தன நாளும் சொமந்ததுக்கு ஒரு நாளைக்காவது உதவட்டும்." பித்தானைப் போட்டுவிட்டு, அடக்க மாட்டாமல் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். "ஊர்ல அத்தன பேருத்துக்கும் வூட்டுக்குள்ள கை எறங்கிப்போச்சு, தெரியுமா உங்களுக்கு? மாட்டுகிட்டயாச்சும் சொல்லி அழுதிருக்கறாங்க. நீங்க அதுகிட்டக்கூடச் சொல்லுல."

கூட்டத்தில் வரவுசெலவு பாஸானது, தலைவர் மறுபடியும் பாஸானார். அடுத்ததாகத் திருமூர்த்தி பேப்பரை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில், உறுப்பினர் பூவாத்தாள் பாலில் தண்ணீர் கலக்கவில்லை என்றும் அவரிடம் மீண்டும் பால் வாங்குவதென்றும் இக்கூட்டம் தீர்மானிக்கிறது, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்று படித்து முடித்தார்.

வேண்டாமென்பவர்கள் கையை இறக்க வேண்டும். இறக்கினால், இறக்க முடியும் என்பது பக்கத்து ஆளுக்குத் தெரிந்துபோகும். மேடையில் நாட்ராயனின் முகம் கறுத்தது, ஆனால் அவர் கை ஒரு விரற்கடையும் கீழே வரவில்லை. ஆளாளுக்குப் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள், பக்கத்து ஆள் தூக்கியிருந்தார், அதனால் இவர்களும் இன்னும் கொஞ்சம் விறைப்பாகத் தூக்கினார்கள். எந்தப் பயம் அவளை வெளியே தள்ளியதோ அதே பயம் அவளை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தது, ஒரு தும்மல்கூட இல்லாமல், ஏகமனதாக.

அப்போது ஆம்பளைகள் பக்கமிருந்து சென்னியப்பன் எழுந்து நின்றான்.

பூவாத்தாள் தன் தீர்மானத்துக்குத் தூக்கிய கையை அவசரமாக ஆட்டினாள். உக்காருங்க, உக்காருங்க என்று அவள் கண்ணைக் காட்டினாள், அவன் இந்தப் பக்கமே பார்க்கவில்லை. இத்தனை மாசமாக வாயில் அடைத்துக் கிடந்ததை எடுத்துத் துப்புகிறவன் மாதிரி, தரையைப் பார்த்தபடி சொன்னான். "என்ற பொண்டாட்டி தண்ணி கலக்குல. கூர ஒழுகித்தான் கேனுல உழுந்துச்சு. நாந்தான் குடைய புடிச்சுட்டுப் பக்கத்துல நின்னேன். எனக்கு அன்னைக்கே தெரியும்."

சொல்லி முடித்ததும் அவன் கை, அந்த மண்டபத்திலேயே நிஜமாக இறங்காமல் நின்ற அந்த ஒரே கை, கிளை முறிந்த மாதிரி கீழே இறங்கித் தொடையில் அடித்துத் தொங்கியது. அவன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை, எல்லாரும் கையைத்தான் பார்த்தார்கள். திருமூர்த்திக்கும் எண்ணத் தெரிந்தது கைகளைத்தான். அவர் மைக்கைப் பிடித்து, "ஆதரவு எல்லாரும், எதிர்ப்பு ஒருத்தர், தீர்மானம் நிறைவேறியது," என்று அறிவித்தார், அடுத்தாற்போல மிக்சர் பொட்டலத்தை எடுத்துவரச் சொன்னார்.

பூவாத்தாள் சிரித்துவிட்டாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணி வந்தது, துடைக்கவும் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் சும்மா இருங்கள் என்று சொல்லியும் கேட்காத அந்த மனுஷன் மேல் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எழுந்து ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

சாயங்காலம் ரெண்டு பேரும் பால் ஊற்றப் போனார்கள். போசி அவன் கையில் இருந்தது, ரெண்டு கையாலும் பிடித்திருந்தான். வரிசையில் நின்றவர்கள் பூவாத்தாளைப் பார்த்துச் சிரித்து வழிவிட்டார்கள், அவனைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கினார்கள். முன்னால் நின்ற ருக்குமணி, தூக்கிய கையோடு அவள் பக்கம் சாய்ந்து, ஊருக்கே கேட்கும்படி ரகசியம் பேசினாள்.

"உன்ற நெலமைய நெனச்சாத்தான் பாவமா இருக்குது அம்மிணி. ஊரே உம்பக்கம் நின்னுது. கட்டுனவன் ஒருத்தன் மட்டும் கைய எறக்கிப்போட்டானே."

"ஆமாங்கக்கா," என்றாள் பூவாத்தாள், அதைவிடச் சத்தமாக. "அவரு எப்பவுமே அப்புடித்தான். ஊரு சொல்றதக் கேக்கவே மாட்டாரு."